யார் சொல்வதைச் செய்வது, எது தன் வேலை: திருகோணமலை வைத்தியசாலை விடுதிகளில் தாதியரின் வகிபாகச் சிக்கல்

அரச வைத்தியசாலையின் விடுதி ஒன்றில் எது பிழைத்தாலும் முதலில் விளக்கம் கேட்கப்படுபவர் அந்த விடுதிக்குப் பொறுப்பான தாதிய சகோதரியே. காலையில் ஏற்ற வேண்டிய ஊசி பிந்தினாலும், மலசலகூடம் கழுவப்படாமல் கிடந்தாலும், ஆண்டிறுதிப் பொருட்கணக்கெடுப்பில் ஒரு சக்கர நாற்காலி குறைந்தாலும், பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் உறவினர்கள் கட்டிலைச் சுற்றி நின்றாலும் கேள்வி அவரிடமே வந்து சேர்கிறது. ஆனால் மருந்தை எழுதுபவர் வைத்தியர். அதைக் களஞ்சியத்திலிருந்து விடுவிப்பவர் மருந்தாளர். துப்புரவு செய்பவரும் வாயிலில் நிற்பவரும் பல இடங்களில் ஒப்பந்த நிறுவனங்களின் ஊழியர்கள். இவர்களில் எவரையும் மாற்றவோ கண்டிக்கவோ, சிலவேளை கட்டளையிடவோகூட அவருக்கு எழுத்திலான அதிகாரம் கிடையாது. தாதியரின் களைப்பைப் பற்றிப் பேசும்போது வேலைப்பளு, சம்பளம், ஆளணிப் பற்றாக்குறை ஆகிய மூன்றையும் சொல்கிறோம். அவை மூன்றும் உண்மையே. ஆனால் எது தன் வேலை, எவர் சொல்வதை முதலில் செய்வது என்பது தெரியாமலேயே ஒருவர் ஒரு முழுக் கடமை நேரத்தையும் கடத்த வேண்டியிருப்பது தனியான ஒரு சுமை என்பதும், அது ஆட்களைக் கூட்டினால் மட்டும் தீராது என்பதும் போதிய அளவு பேசப்படுவதில்லை.

தொழில்சார் உளவியலில் இந்தச் சுமையைப் பற்றிய ஆய்வுக்கு அறுபது ஆண்டு வரலாறு உண்டு. 1964இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபர்ட் கானும் அவருடைய சக ஆய்வாளர்களும், பதவியொன்றில் இருப்பவரிடம் மேலதிகாரி, சக ஊழியர், கீழே பணிபுரிபவர், சேவை பெறுபவர் என்று பலரும் வைக்கும் எதிர்பார்ப்புகள் சேர்ந்தே அவருடைய வகிபாகம் உருவாகிறது என்று விளக்கினார்கள். அந்த எதிர்பார்ப்புகள் ஒன்றையொன்று வெட்டும்போது எழுவது வகிபாக முரண்பாடு. ஒரே மேலதிகாரி ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டைக் கேட்கலாம். இரு மேலதிகாரிகள் எதிரெதிரானவற்றைக் கேட்கலாம். இரவுக் கடமைக்குப் போகும் தாதி வீட்டில் காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளையின் தாயாகவும் இருக்கலாம். செய்யச் சொல்லப்பட்டது தன் மனச்சாட்சிக்கு ஒவ்வாததாக இருக்கலாம். வகிபாகத் தெளிவின்மை இதிலிருந்து வேறுபட்டது. அங்கே எதிர்பார்ப்புகள் மோதுவதில்லை. அவை சொல்லப்படுவதே இல்லை. தன் கடமையின் எல்லை எது, அதிகாரம் எவ்வளவு, தன் வேலை எதைக் கொண்டு மதிப்பிடப்படும் என்பவை அவருக்குத் தெரியாது.

1970இல் ஜோன் ரிசோ, ரொபர்ட் ஹவுஸ், சிட்னி லேர்ட்ஸ்மன் ஆகிய மூவரும் இவ்விரண்டையும் அளப்பதற்கு 14 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். ஒரு பணியை முடிக்கத் தேவையான ஆட்கள் இல்லாமலேயே அது தன்னிடம் ஒப்படைக்கப்படுகிறது, வேலை நடப்பதற்காக விதியை மீற வேண்டியிருக்கிறது, இரண்டு பேர் பொருந்தாத கோரிக்கைகளை வைக்கிறார்கள், தனக்கு எவ்வளவு அதிகாரம் உண்டென்று நிச்சயமாகத் தெரியும் என்ற பொருளிலான கூற்றுகள் அதில் இருக்கின்றன. தாதியரைப் பற்றிய ஆய்வுகள் பல நாடுகளில் இன்றும் இந்த அளவுகோலையே கையாளுகின்றன. அதன் மீது நியாயமான ஒரு விமர்சனமும் உண்டு. முரண்பாட்டைப் பற்றிய கூற்றுகள் பெரும்பாலும் குறையாகவும், தெளிவைப் பற்றிய கூற்றுகள் நிறைவாகவும் எழுதப்பட்டிருப்பதால், இரண்டுக்கும் இடையில் தென்படும் வேறுபாட்டில் ஒரு பகுதி வெறும் வாக்கிய அமைப்பினால் வந்ததாக இருக்கலாம் என்பதே அது. ஆயினும் விடுதிக்குள் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் வேறு என்பதில் ஐயம் எழாது.

ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். நம் அரச வைத்தியசாலைகளில் காலை 7 மணி முதல் பகல் 1 மணி வரையும், 1 மணி முதல் இரவு 7 மணி வரையும், இரவு 7 மணி முதல் மறுநாள் காலை 7 மணி வரையும் கடமை நேரங்கள் அமைகின்றன. சகோதரி மாலையில் போய்விட்டார். விடுதியில் இரண்டு தாதியர் இருக்கிறார்கள். நள்ளிரவு கடந்து, தம்பலகாமம் வயற்பக்கமிருந்து பாம்பு கடித்த ஒருவர் அனுமதிக்கப்பட்டு, விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கியாயிற்று. இலங்கையில் கொடுக்கப்படும் விஷமுறிவு மருந்துக்குக் கடும் ஒவ்வாமை ஏற்படுவது அரிதல்ல. ஆகவே மருந்து ஏறும்போதும் அதன் பின்பும் ஒருவர் அருகிலேயே நின்று குருதியமுக்கத்தையும் சுவாசத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதே நேரத்தில் தலையில் அடிபட்ட இன்னொரு நோயாளியை அநுராதபுரத்துக்கோ மட்டக்களப்புக்கோ மாற்ற வேண்டும் என்று வைத்தியர் முடிவெடுக்கிறார். இரண்டு நகரங்களும் 100 கிலோமீற்றருக்கு அப்பால். அம்பியூலன்ஸில் ஒரு தாதி போக வேண்டும். போனால் விடியும் முன் திரும்புவது கடினம். இரவுக்குப் பொறுப்பான மேட்ரனிடம், அதாவது தாதியர் தலைவியிடம், தொலைபேசியில் கேட்டால், ஒருவரை மட்டும் வைத்து விடுதியை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்கிறார். வைத்தியர் தாமதிக்கக்கூடாது என்கிறார். இருவரும் சொல்வது சரியானது. இருவரில் எவருடைய சொல் மேலானது என்று அந்தத் தாதிக்குச் சொல்லும் தாள் எதுவும் விடுதியில் இல்லை. அவர் போனாலும் நின்றாலும், மறுநாள் ஏதேனும் நேர்ந்திருந்தால் விளக்கக் கடிதம் எழுதுபவர் அவரே.

இந்த இரவில் முரண்பாடும் தெளிவின்மையும் ஒன்றாக நிற்கின்றன. இரண்டு உயிர்களையும் மற்றக் கட்டில்களையும் பார்க்க இரண்டு தாதியர் போதாது என்பது முரண்பாடு. ஆள் கூடும்வரை அது முற்றாகத் தீராது. முடிவெடுக்கும் உரிமை எவருடையது என்பது எழுதப்படாமல் இருப்பது தெளிவின்மை. அதைத் தீர்க்க ஒரு பக்கக் காகிதம் போதும். இவ்விரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, எல்லாம் ஆளணிப் பிரச்சினை என்று சொல்லி வைத்துவிடுவதால், தீர்க்கக்கூடியதும் தீராமல் கிடக்கிறது. இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இதையே.

விடுதிக்குள் இருக்கும் கட்டளை வரிசைகளைப் பார்த்தால் இது மேலும் விளங்கும். சிகிச்சை தொடர்பாக வைத்திய நிபுணர் சொல்வதே இறுதி. தாதியரின் கடமைப் பங்கீட்டை மேட்ரன் பார்க்கிறார். நிதி, பொருட்கள், ஒழுக்காற்று ஆகியவை பணிப்பாளர் அல்லது வைத்திய அத்தியட்சகரின் கையில். சுகாதார உதவியாளர்களை எந்த விடுதிக்கு அனுப்புவது என்பதைப் பல வைத்தியசாலைகளில் மேற்பார்வையாளர் தீர்மானிக்கிறார். ஆனால் அவர்கள் அன்றைக்கு என்ன செய்தார்கள் என்பதற்குச் சகோதரி பதில் சொல்ல வேண்டும். துப்புரவு ஒப்பந்தத்தில் அவர் ஒரு தரப்பே அல்ல. வேலை சரியாக நடந்தது என்று கையொப்பம் வைக்க மட்டும் அவர் தேவைப்படுகிறார். மோர்பின் வகை மருந்துகள் பூட்டிய அலுமாரியின் சாவி அவரிடம் இருக்கிறது. பதிவேட்டில் ஓர் ஊசிக் குப்பி குறைந்தால் பொறுப்பு அவருடையது. அந்தச் சாவி இரவில் எத்தனை கைமாறுகிறது என்பது கடமை ஒப்படைப்பைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

தொற்றுத் தடுப்புத் தாதியின் நிலை இன்னும் நுட்பமானது. கைகழுவும் முறை, கையுறைப் பாவனை, ஊசிக் கழிவகற்றல் எல்லாவற்றையும் அவர் கண்காணிக்க வேண்டும். தன்னைவிடச் சேவையில் மூத்த தாதியிடமும், விடுதிச் சுற்றுக்கு வரும் வைத்திய நிபுணரிடமும் குறை சொல்ல வேண்டிய கடமை அவருக்கு உண்டு. சொன்ன பிறகு அவர்கள் கேட்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பது அவருக்குச் சொல்லப்படுவதில்லை. அறிக்கை எழுதலாம், எழுதினால் அதே ஆட்களோடுதான் அடுத்த நாளும் வேலை. ஆகவே அனுபவமுள்ளவர்கள் குறையைத் தாதியரிடம் மட்டும் சொல்லப் பழகிக்கொள்கிறார்கள். இதற்கு அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதிகாரம் இல்லாத கண்காணிப்பு, அதிகாரம் குறைந்தவர்கள் பக்கமே சாய்வது இயல்பு.

பொறுப்புத் தாதி என்ற இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்பார்வைத் தரத்துக்கு உயர்ந்து, அதற்குரிய மேற்பயிற்சி பெற்று, நியமனக் கடிதத்தோடு சகோதரியாக இருப்பவர்கள் எல்லா விடுதிகளுக்கும் போதுமான அளவில் இல்லை. எனவே அங்குள்ள மூத்த தாதிய உத்தியோகத்தர் ஒருவர் விடுதியைப் பொறுப்பேற்கிறார். அந்தப் பதவியைத் தற்காலிகமாகப் பார்ப்பதற்கான பதில் கடமைக் கடிதம் சிலருக்குக் கிடைக்கிறது, சிலருக்குக் கிடைப்பதில்லை. நேற்றுவரை கடமை நேர அட்டவணையான ரோஸ்டரில் தன்னோடு இருந்த, பயிற்சிக் கல்லூரியில் ஒரே அணியில் படித்த தோழிக்கு இன்று இரவுக் கடமை போட வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணக்குப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். விடுமுறையை மறுக்க வேண்டும். அவர்கள் கேட்காவிட்டால் தரத்தைக் காட்டிப் பேச முடியாது, ஏனெனில் தரம் ஒன்றே. அவர் தாதியாகவும் இருக்கிறார், முகாமையாளராகவும் இருக்கிறார்; நோயாளியிடம் நின்றால் பதிவேடு முடியாது, பதிவேட்டில் இருந்தால் புதிதாக வந்த தாதிக்கு ஒரு குழாய் பொருத்தக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. தர முகாமைத்துவம், உற்பத்தித்திறன் என்ற பெயரில் வரும் கோப்புகளும் படிவங்களும் அவருடைய மேசையிலேயே சேர்கின்றன. அவற்றின் நோக்கம் நல்லது; அவற்றைச் செய்வதற்கான நேரம் எந்தக் கடமைப் பட்டியலிலும் ஒதுக்கப்பட்டிருப்பதில்லை.

மேட்ரனுக்கு இது வேறு வடிவில் வருகிறது. தாதியர் அவரைத் தங்கள் பக்கம் பேச வேண்டியவராகப் பார்க்கிறார்கள். நிர்வாகம் தன் முடிவைத் தாதியரிடம் கொண்டுசேர்க்கும் ஆளாகப் பார்க்கிறது. 2024இன் தொடக்கத்தில் வைத்தியர்களுக்கான கொடுப்பனவு உயர்த்தப்பட்டதைத் தொடர்ந்து ஏனைய சுகாதாரத் தொழிற்சங்கங்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கியபோது, அத்தகைய நாட்களில் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் எங்கே நிற்பது என்ற கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. அவர்களும் அதே தொழிலைச் சேர்ந்தவர்கள், அந்தக் கோரிக்கையில் அவர்களுக்கும் உடன்பாடு இருக்கலாம். விடுதியை வெறுமையாக விடவும் அவர்களால் முடியாது.

திருகோணமலைக்கே உரிய ஒரு பகுதி இனி வருகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகை ஏறக்குறைய 3,80,000. முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் மூவரும் கணிசமான அளவில் வாழும் மாவட்டம் இது. கிண்ணியா, மூதூர், குச்சவெளியிலிருந்து தமிழ் பேசும் நோயாளர்களும், கந்தளாய், சேருவிலப் பக்கத்திலிருந்து சிங்களம் பேசும் நோயாளர்களும் ஒரே விடுதியில் அடுத்தடுத்த கட்டில்களில் இருப்பார்கள். வைத்தியர்களிலும் தாதியரிலும் ஒரு பகுதியினர் பிற மாவட்டங்களிலிருந்து நியமனம் பெற்று வந்தவர்கள். அவர்களில் பலருக்குத் தமிழ் வராது. இவர்களுக்கு நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த தாதி எப்போதும் அழைக்கப்படுகிறார். அடுத்த விடுதியிலிருந்தும் அழைப்பு வரும். "மிஸ்ஸி, டொக்டர் என்ன சொன்னவர் எண்டு ஒருக்கா சொல்லுங்கோ" என்று கேட்கும் கிழவிக்கு மறுப்புச் சொல்ல எவருக்கும் மனம் வராது, வரவும் கூடாது.

ஆனால் இங்கே நடப்பதை உற்றுப் பார்க்க வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன்னர் சம்மதம் பெறும் நேரம். கருப்பை அகற்றப்பட வேண்டியிருக்கலாம் என்று வைத்தியர் சிங்களத்தில் நான்கு வாக்கியங்களில் விளக்குகிறார். தாதி அதைத் தமிழில் சொல்கிறார். நோயாளியின் கணவர் அதைவிட்டால் வேறு வழி இல்லையா என்று கேட்கிறார். வைத்தியரின் பதில் நீளமாக இருக்கிறது. வேறு இரண்டு கட்டில்களில் சேலைன் முடியப்போகிறது. தாதி அதைச் சுருக்கிச் சொல்கிறார். கையொப்பம் வைக்கப்படுகிறது. அந்தச் சம்மதத்தின் தரம் முழுவதும் அந்தச் சுருக்கத்தில் தங்கியிருக்கிறது. மொழிபெயர்ப்பில் தாதிக்குப் பயிற்சி இல்லை. அது அவருடைய கடமை என்று எங்கும் எழுதப்படவில்லை. அதற்கு நேரமும் கொடுப்பனவும் இல்லை. பின்னர், எனக்கு அப்படிச் சொல்லவில்லையே என்று நோயாளி முறையிட்டால் கேள்வி மட்டும் அவரிடம் வரும். 1987இல் அரசியலமைப்பில் செய்யப்பட்ட 13ஆம் திருத்தத்தின் பின் தமிழும் அரசகரும மொழி. அந்த உரிமை ஒரு விடுதியில் நடைமுறைக்கு வருவதற்கான முழுச் செலவையும் இருமொழி தெரிந்த ஓர் ஊழியர் தன் கடமை நேரத்திலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அதே 13ஆம் திருத்தத்தின் வழி சுகாதாரமும் மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையில் பகிரப்பட்டது. போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், சிறிய வைத்தியசாலைகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் மாகாணத்தின் கீழும் இயங்குகின்றன. மாகாண வைத்தியசாலை ஒன்றில் பணிபுரியும் தாதிக்குச் சேவை விதிகள் கொழும்பிலிருந்து வருகின்றன. அன்றாட நிர்வாகம் மாகாண சுகாதாரத் திணைக்களத்திடமும் பிராந்தியப் பணிப்பாளரின் பணிமனையிடமும் இருக்கிறது. இரண்டும் ஒரே விடயத்தில் வெவ்வேறு திகதியிட்ட சுற்றறிக்கை அனுப்பினால், எதைப் பின்பற்றுவது என்பதை ஊகிக்க வேண்டியவர் விடுதியில் இருப்பவர். களத்தில் பணிபுரியும் மருத்துவமாதான குடும்பநல உத்தியோகத்தருக்கும் இதே நிலைதான். சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி, மேற்பார்வைக் குடும்பநல உத்தியோகத்தர் என்று ஒருவருக்கு மேற்பட்டோர் அவருடைய வேலையைப் பார்க்கிறார்கள். மகப்பேற்று அறையில் தாதியின் பங்கு எது, மருத்துவமாதின் பங்கு எது என்பதில் தொழிற்சங்கங்களுக்கிடையே நெடுங்காலமாக இருக்கும் பிணக்கும் இத்தெளிவின்மையின் பிள்ளையே.

2022இன் பொருளாதார நெருக்கடி இவற்றின் மீது இன்னொரு அடுக்கை வைத்தது. மருந்துகளும் சத்திரசிகிச்சைப் பொருட்களும் தட்டுப்பாடாயின. தாதியரும் வைத்தியர்களும் பெருமளவில் வெளிநாடு போனார்கள். வெளியில் வாங்கி வரும்படி நோயாளியின் உறவினரிடம் துண்டை நீட்டியவர் பெரும்பாலும் தாதி. நோயாளிக்கு எது தேவை என்று தெரிந்தும், நிறுவனத்தின் நிலை காரணமாக அதைச் செய்ய முடியாமல் நிற்பவரின் வேதனையை 1984இல் அமெரிக்க மெய்யியலாளர் அன்ட்ரூ ஜேம்டன் ஒழுக்கநெறி சார்ந்த துயரம் என்று தனியாகப் பிரித்துக் காட்டினார். கான் குழுவினர் சொன்ன நான்காவது வகை முரண்பாட்டின் கூர்மையான வடிவம் அது. கடற்றொழில் செய்து அன்றன்றைக்கு உழைப்பவரிடம், பதினைந்தாயிரம் ரூபாவுக்கு ஒரு மருந்தை எழுதிய துண்டைக் கொடுத்தவர் அவருடைய முகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. இதை எந்தப் பதிவேடும் கணக்கில் எடுக்கவில்லை.

இவையெல்லாம் ஒருவரை எவ்வாறு பாதிக்கின்றன? தொழிலில் அதிருப்தி, பதற்றம், வேலையை விட்டுப் போகும் எண்ணம் ஆகியவற்றோடு முரண்பாடும் தெளிவின்மையும் தொடர்புடையவை என்று பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாக்கி 1985இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு காட்டியது. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் 1981இல் சக ஆய்வாளர் ஒருவரோடு வெளியிட்ட, வேலையால் வரும் சோர்வை அளக்கும் அளவுகோலின் வழியாக நாம் அறியும் உணர்ச்சிச் சோர்வுக்கும் இவை இரண்டும் இட்டுச்செல்கின்றன. 2000இல் வெளியான இன்னொரு தொகுப்பாய்வின் முடிவு நம் விடயத்துக்கு முக்கியமானது. வேலையின் தரத்தோடு தெளிவின்மைக்கு இருக்கும் எதிர்மறைத் தொடர்பு கணிசமானது. முரண்பாட்டுக்கு இருக்கும் தொடர்போ மிகச் சிறியது. மோதும் கோரிக்கைகளுக்கு நடுவில் மனிதர்கள் தம்மை வருத்திக்கொண்டாவது வேலையைச் செய்துமுடிக்கிறார்கள்; என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று தெரியாதபோது வேலையே குன்றுகிறது. இந்த ஆய்வுகள் பல தொழில்களையும் சேர்த்துப் பார்த்தவை, தாதியரை மட்டும் பார்த்தவை அல்ல. என்றாலும், நோயாளியின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படும் நிர்வாகி எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது.

அப்படியானால் தீர்ப்பதற்கு இலகுவான தெளிவின்மை ஏன் இத்தனை காலம் நீடிக்கிறது? அது பலருக்கு வசதியாக இருக்கிறது என்பதே என் எண்ணம். எழுதப்படாத வேலையை யாரோ ஒருவர் செய்துவிடுகிறார். பெரும்பாலும் அது பொறுப்புத் தாதி. எழுதினால் அதற்கு ஆளும் நேரமும் பணமும் கேட்பார்கள். எழுதாதவரை, அது நல்ல தாதியின் அர்ப்பணிப்பு என்று பாராட்டப்படும். தாதியர் தினத்தன்று மேடையில் சொல்லப்படும் சேவை மனப்பான்மை பற்றிய சொற்கள் உண்மையான நன்றியோடு சொல்லப்படுபவை என்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் சொற்களே கடமைப் பட்டியலின் இடத்தைப் பிடித்துவிடும்போது அவை தீங்கு செய்கின்றன. மன அழுத்தத்தைத் தாங்கும் பயிற்சி வகுப்புகளைப் பற்றியும் இதையே சொல்வேன். முடிவெடுக்கும் உரிமை எவருடையது என்று தெரியாமல் தவிப்பவருக்கு மூச்சுப் பயிற்சி கற்பிப்பது, நிறுவனத்தின் குறையை அவருடைய மனத்தின் குறையாக மாற்றுகிறது.

செய்யக்கூடியவற்றில் பல, பணிப்பாளர் அல்லது வைத்திய அத்தியட்சகரின் கையொப்பத்தோடு உள்ளகச் சுற்றறிக்கையாக வரக்கூடியவை. நோயாளியை வேறு வைத்தியசாலைக்கு மாற்றும்போது தாதி கூடப் போக வேண்டுமா என்பதை எவர் தீர்மானிப்பது, அவர் போனால் எந்த விடுதியிலிருந்து எத்தனை நிமிடத்துக்குள் மாற்றாள் வருவது, கருத்து வேறுபட்டால் இரவில் எவரை அழைப்பது என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி ஒவ்வொரு விடுதியிலும் ஒட்டலாம். பொறுப்பேற்கும் ஒவ்வொருவருக்கும், அது இரண்டு வாரத்துக்கானாலும், பதில் கடமைக் கடிதம் கொடுத்து, ரோஸ்டர், விடுமுறை, பொருட்பதிவேடு ஆகியவற்றில் அவருக்குள்ள அதிகாரத்தை அதில் குறிப்பிடலாம். சுகாதார உதவியாளர்கள் விடுதிக்கு வந்த நேரத்திலிருந்து போகும்வரை சகோதரியின் கட்டளைக்கு உட்பட்டவர்கள் என்பதை மேற்பார்வையாளரும் சேர்ந்து ஏற்கும்படி செய்யலாம். தொற்றுத் தடுப்புத் தாதியின் அறிக்கை, எவருடைய பெயர் அதில் இருந்தாலும், நேரடியாகப் பணிப்பாளரிடம் போகும் வழியை வகுக்கலாம். இவற்றை எழுதும்போது தாதியரையும் அறையில் வைத்துக்கொள்வது அவசியம். எந்த வேலை எழுதப்படாமல் நடக்கிறது என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும்.

மொழிபெயர்ப்பு இப்படித் தீராது. அதற்குத் தனிப் பதவி வேண்டும். பதவிக்குத் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அங்கீகாரம் வேண்டும். அது வரக் காலம் எடுக்கும். அதுவரை, அதிகம் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளுக்கான விளக்கத்தை வைத்திய நிபுணர்களே சரிபார்த்த தமிழ்த் தாளாக அச்சிட்டு நோயாளியின் கையில் முதல்நாளே கொடுக்கலாம். ஒவ்வொரு கடமை நேரத்துக்கும் இருமொழி தெரிந்த ஒருவரின் பெயரை ரோஸ்டரில் குறித்து, அந்த நேரத்துக்கு அவருடைய கட்டில்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். மொழிபெயர்த்தவர் எவர், எத்தனை மணிக்கு என்பதைச் சம்மதப் படிவத்தின் அடியில் எழுதுவதற்கு ஒரு வரி சேர்க்கலாம். அந்த வரி நிரப்பப்பட்ட படிவங்களை மாத இறுதியில் எண்ணினால், பதவி கேட்டுக் கொழும்புக்கு எழுதும் கடிதத்தில் வைப்பதற்குத் தேவையான எண் கையில் இருக்கும்.